புளிப்பு குடித்த ஸ்பிரிங்குகள்

போன மாதம் காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் கட்டுகிற ஒரு யார்டில் லேசர் துப்பாக்கியைக் கையில் பிடித்தேன். எனக்கு அறுபத்தாறு வயது. ஆசை விடவில்லை. பழக்கமான சூப்பர்வைசர் ஒருவர் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, துருப்பிடித்த தகடு ஒன்றைக் காட்டினார்கள். விசையை அழுத்தினேன். ஒரு சீறல், கொஞ்சம் புகை. செங்கல் நிறத்தில் துரு இருந்த இடத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளி! தண்ணீர் இல்லை, பிரஷ் இல்லை, ஊறப்போட வேண்டியதில்லை. இன்னொரு தகடு கொடுங்கள், இன்னொன்று கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு ஐந்து தகடுகளை முடித்தேன். கடைசியில் துப்பாக்கியை என் கையிலிருந்து பிடுங்கித்தான் வாங்கினார்கள்.

அங்கே வேலை செய்கிறவர்களில் ஒருத்தர் கேட்டார்: "பெரியவரே, உங்க காலத்துல துருவ எப்டி எடுத்தீங்கோ?"

"கலர் ஊத்தி."

"இன்னா கலரு? பெயின்டா?"

"குடிக்கிற கலருப்பா. பாட்டில்ல விக்கிற கறுப்புக் கலரு."

எல்லோரும் சிரித்தார்கள். "குடிச்சிட்டு இரும்பு ஏப்பம் வுட்டுச்சா?"

"ஏப்பமும் வுட்டுச்சு. ஒரு தபா உள்ளுக்குள்ளயே உடைஞ்சும் போச்சு."

சிரிப்பு நின்றது. அது எப்படி என்று சூப்பர்வைசர் கேட்டார். சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அதுதான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ராயபுரத்தில் பிறந்ததால் முதல் வேலை கப்பல் துருவைச் சுத்தியலால் கொத்துவது. காது இரண்டிலும் பஞ்சு, வாயில் துணி, சாயந்திரம் துப்பினால் எச்சில் சிவப்பாக வரும். ஒரு வருடம் தாங்கினேன். பிறகு லாரி கிளீனராக விசாகப்பட்டினம், அங்கிருந்து காண்ட்லா, நடுவில் ஒரு ஓட்டலில் பாத்திரம், ஒரு குவாரியில் கல். எந்த ஊரிலும் இரண்டு பொங்கல் பார்த்ததில்லை. சோறு கிடைக்காத நாட்கள் இருந்தன, கிடைத்த நாட்களும் இருந்தன. முப்பது வயதில் திரும்பி வந்து, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தனராஜ் அண்ணாச்சியின் கடையில் சேர்ந்தேன். பழைய இயந்திரங்களையும் கருவிகளையும் வாங்கி, பிரித்து, சுத்தம் செய்து விற்கிற கடை. அங்கேயும் ஒரு வருடம்தான் இருப்பேன் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருடம் இருந்தேன். காரணம் ஒரு எலுமிச்சம்பழம்.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதைத் தவிர கடையை விட்டு அசையமாட்டார். ஆனால் ஆயுத பூஜைக்கு எங்களைத் தடுத்ததில்லை. சாமான்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் கவிழ்த்து வைப்போம். இரண்டு நாள் யாரும் எதையும் தொடுவதில்லை. மூன்றாம் நாள் ஒரு துருப்பிடித்த தகட்டின் மேலிருந்த பழத்தை எடுத்தேன். அதன் அடியில் வட்டமாக, நாணயம் பதித்த மாதிரி, சுத்தமான இரும்பு!

ஒரு வருடம் சுத்தியலால் கொத்தி, எச்சில் சிவந்து நான் எடுத்த துருவை, ஒரு அரை எலுமிச்சம்பழம் சும்மா உட்கார்ந்துகொண்டே எடுத்திருந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. புளிப்பான எதைப் பார்த்தாலும் அதில் ஒரு போல்ட்டைப் போட்டேன். புளிக்கரைசல் துருவை எடுத்தது, ஆனால் இரும்பைக் கறுப்பாக்கியது. புளித்த மோர் வேலை செய்தது. நாற்றத்தில் கடைக்கு யாரும் வரவில்லை. பழைய கஞ்சித் தண்ணீர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாலும் அழகாகச் சுத்தம் செய்தது. நூடுல்ஸ் வண்டிக்காரரிடம் வாங்கிய வினிகர் ஒரே ராத்திரியில் முடித்தது, ஆனால் கழுவி வைத்த ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்தது. கறுப்புக் கலர்தான் ஆச்சரியம். துருவை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு ஒன்றையும் விட்டுப் போனது. அதன் மேல் துரு சீக்கிரம் வராது. காஸ் போன கலரும் அதே வேலையைச் செய்யும் என்று கண்டுபிடித்த நாள் முதல், எதிரிலிருந்த பாரில் மிச்சம் விடுகிற பாட்டில்களையெல்லாம் ஒரு டிரம்மில் ஊற்றி வாங்கி வந்தேன். கடை முழுக்க எறும்பு.

"ஏலே ஏழுமலை, இது இரும்புக் கடையா, மிட்டாய்க் கடையா?" என்றார் அண்ணாச்சி. ஆனால் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். சிக்கிக்கொண்டிருந்த ஒரு ஸ்பேனரை எடுத்துத் திருகினார். திரும்பியது. "மணி என்னல?" என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான். எப்போது போட்டாய், எப்போது எடுத்தாய் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

அவர்தான் என் கூத்தை ஒரு வேலையாக்கினார். கலரை விட்டுவிட்டு லெமன் சால்ட்டுக்கு வந்தோம். ஜூஸ் கடைகளில் புளிப்புக்குப் போடுகிற வெள்ளைத் தூள்தான். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டம்ளர். சாமான்களை அடியில் குவிக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் நைலான் கயிற்றில் கட்டி, ஒன்றோடொன்று படாமல் தொங்கவிட வேண்டும். பித்தளையை இரும்போடு போடவே கூடாது. போட்டால் இரும்பின் மேல் செம்பு நிறம் ஏறும். நான் ஒருமுறை போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அரை மணிக்கொரு தரம் தூக்கிப் பார்த்து, டிரம்மின் மேல் சாக்பீஸால் நேரம் எழுத வேண்டும். எடுத்ததும் பிரஷ். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு, அதில் நுரைத்து அடங்கினால்தான் புளிப்பு போனது என்று அர்த்தம். பிறகு கொதிநீர், துணி, வெயில், எண்ணெய். இதெல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம்: ஊறப்போட்டவன் இடத்தை விட்டு நகரக் கூடாது. எங்கும் நிற்காத கால் என்னுடையது. அந்த டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அது நின்றது.

இன்னொரு சட்டமும் இருந்தது. "ஸ்பிரிங்க மட்டும் இதுல போடாதல. அதக் கையால தேயி." ஏன் என்று கேட்டேன். "போடாதன்னா போடாத." அண்ணாச்சியின் விளக்கம் அவ்வளவுதான்.

இப்போது காசிமேடு பிலோமினா அக்காவுக்கு வருகிறேன்.

அவருக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருந்தது. கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வரும். இரண்டு மாதம் ஒரு படகும் கடலுக்குப் போகாது. அப்போதுதான் எல்லாப் படகுகளையும் பிரித்து வேலை பார்ப்பார்கள். தடை முடிகிற அன்று எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். அந்த முதல் தடவையில் பிடிக்கிற மீன்தான் அந்த வருடத்தின் மீன். அதைத் தவறவிட்ட படகு பிறகு எழுந்திருக்கச் சிரமப்படும். அக்கா தன் படகின் விஞ்சைப் பிரித்துப் போட்டிருந்தார். வலையை இழுக்கிற கம்பிக் கயிறு அதில்தான் சுற்றும். கயிறு ஓடிவிடாமல் பிடிக்கிற பிரேக்கை அழுத்தி வைத்திருப்பவை எட்டு ஸ்பிரிங்குகள். அந்தப் பாகங்கள் இருந்த பெட்டி மழையிலும் உப்புக்காற்றிலும் கிடந்து, திறந்தபோது உள்ளே ஒரே துருக்கட்டி. புதிது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். தடை முடிய மூன்று நாள்தான் இருந்தது.

பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து இறக்கினார். "யோவ் ஏழுமல, நீ இன்னாமோ எலுமிச்சம்பழத்துல மந்திரம் பண்றியாமே. இத்தப் பண்ணு பாப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க வூட்டுக்காரருக்கு மூணு விரலு போனது விஞ்சுலதான். இப்போ அதுல நிக்கறது என் தம்பி சேவியரு. நல்லாப் பாத்துச் செய்யி."

பெட்டியில் ஒன்பது ஸ்பிரிங்குகள். எட்டு வேலைக்கு, ஒன்று உபரி. மற்றப் பாகங்களை முறைப்படி முடித்தேன். ஸ்பிரிங்கைக் கையால் தேய்க்க உட்கார்ந்தேன். வெளிப்பக்கம் வந்தது. சுருளின் உட்பக்கம் கம்பி பிரஷ் போகவில்லை. ஒன்றின் வெளிப்பக்கத்துக்கே பாதி நாள் போனது. அப்போது எனக்கு என் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமில்லை. அண்ணாச்சி வீட்டுக்குப் போன பிறகு, ஒரு டம்ளர் போட வேண்டிய இடத்தில் இரண்டு டம்ளர் போட்டு, தண்ணீரை நன்றாகச் சூடாக்கி, ஒன்பதையும் தொங்கவிட்டேன். காலை ஆறு மணிக்கு எடுத்தேன். நகைக்கடையில் வைக்கலாம், அப்படி இருந்தன!

ஏழு மணிக்கு ஃபிட்டர் டில்லி வந்து எட்டை வாங்கிப்போனான். அவன்தான் படகில் விஞ்சைப் பூட்டுகிறவன். "இன்னா மாமு, புச்சாவே வாங்கி வச்சிகினு பழசுன்னு பீலா வுட்றியா?" என்று கேட்டான். எனக்கு அது போதாதா? உபரியாக இருந்த ஒன்பதாவதை, வருகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று, கடை வாசலில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் அழுத்தி இறுக்கி வைத்தேன். அண்ணாச்சி வந்தார், பார்த்தார், உள்ளே போனார். கையால் தேய்த்தது என்றே நினைத்திருப்பார்.

பத்து மணி. நான் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். வைஸ் பக்கம் யாரும் இல்லை.

டிக்.

சின்னச் சத்தம்தான், சுண்டுவிரல் நெட்டி மாதிரி. திரும்பினால் ஸ்பிரிங் இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. யாரும் தொடவில்லை, யாரும் தட்டவில்லை. மூன்று மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டுத் தானாக முறிந்திருந்தது.

அண்ணாச்சி குனிந்து ஒரு துண்டை எடுத்தார். முறிந்த இடத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"ஊறப்போட்டியால?"

"ஆமா அண்ணாச்சி."

"மணி என்ன? எப்பப் போட்ட, எப்ப எடுத்த?"

சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்: "சாதா இரும்புன்னா தாங்கிரும். ஸ்பிரிங்கு இறுக்கமான சரக்குல்லா. புளிப்பு துருவத் திங்கும்போது ஒரு காத்து கிளம்பும். அது உள்ள போயி உக்காந்துக்கிடும். வெளிய பாத்தா வெள்ளி, உள்ள பிஸ்கோத்து. பாரம் ஏறுனா இன்னைக்கோ நாளைக்கோ இப்படித்தான். நீ ஓடு. படகு கிளம்புறதுக்குள்ள போயிச் சொல்லு."

டில்லிக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. கிரைண்டர் ஓடினால் அவனுக்கு ஒன்றும் கேட்காது. ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு காசிமேட்டுக்குப் போய் இறங்கியபோது பதினொன்று. படகில் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. விஞ்சு பூட்டி முடித்து, மூடி போட்டு, அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. சேவியர் அதன் மேல் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். விடியற்காலையில் எல்லாப் படகுகளும் கிளம்ப வேண்டும்.

நான் கரையிலேயே நின்றுவிட்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். ஒன்று முறிந்தால் எட்டும் முறியுமா என்ன? அக்கா சிரித்த முகமாக ஐஸ் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சேவியர் என்னைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி ஆட்டினான். அந்தக் கையைப் பார்த்ததும் படகுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறினேன்.

"அக்கா, விஞ்சத் தொறக்கணும். என் வேல சரியில்ல."

டில்லி பாய்ந்து வந்தான். "இன்னா மாமு வெளாட்றியா? மால போட்டாச்சி, மெழுகுவத்தி ஏத்தியாச்சி, இப்போ வந்து பேஜாரு பண்ற?"

"தொற" என்றார் அக்கா.

திறந்தான். ஒவ்வொன்றாக எடுத்தான். ஆறு வரை முழுசாக வந்தன. ஏழாவதை எடுக்கப் போனவன் கையை நிறுத்தினான். இரண்டு துண்டுகளாக வெளியே வந்தது. கடலுக்குப் போவதற்கு முன்னமே, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், சத்தம் யாருக்கும் கேட்காமல் முறிந்திருந்தது.

அக்கா துண்டுகளைக் கையில் வாங்கினார். "இத்த நீ சொல்லாம வுட்டிருந்தா?"

"சொல்லாம வுட்டுறலாமான்னு ரெண்டு நிமிஷம் கரைல நின்னேங்கா."

அவர் என்னை முறைத்தார். நான் வாழ்க்கையில் வாங்கிய பெரிய அடி அந்த முறைப்புதான். "செரி. நின்னியே, அப்பால வந்தியே. இப்போ இன்னா வழி?"

என்னிடம் வழி இல்லை. வழி ஷேர் ஆட்டோவில் வந்தது. ஞாயிறு தவிர கடையை விட்டு அசையாத அண்ணாச்சி, கையில் ஒரு டிபன் கேரியரோடு இறங்கினார். கடையின் பின்பக்கம் இதே மாதிரி ஒரு பழைய விஞ்சு கிடந்தது. நான் கிளம்பியதுமே அதைப் பிரித்து எட்டு ஸ்பிரிங்குகளை எடுத்திருக்கிறார். அவற்றிலும் துரு. கையால் தேய்க்க நேரமில்லை. தன் சட்டத்தைத் தானே மீறி, அரை டம்ளர் தூளில், ஆறிய தண்ணீரில், சரியாக இருபது நிமிடம் ஊறப்போட்டு, சோடா உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து வந்திருந்தார்.

"இதுக்குள்ளயும் கொஞ்சம் காத்து போயிருக்கும். ஆனா இன்னும் பாரம் ஏறல. சூட்டுல வச்சா வெளிய வந்துரும். நாலு மணி நேரம் வேணும். இங்க ரொட்டி சுடுற அடுப்பு எங்கல இருக்கு?"

இரண்டு தெரு தள்ளி ஒரு பாய் பேக்கரி வைத்திருந்தார். பன்னும் ரொட்டியும் அந்த ஏரியா முழுக்க அவர்தான். நாங்கள் ஐந்து பேரும் டிபன் கேரியரோடு போய் நின்றதைப் பார்த்துவிட்டு, "சாப்பாடு சுட வைக்கணுமா?" என்று கேட்டார். அண்ணாச்சி மூடியைத் திறந்து காட்டினார்.

"யா அல்லா! பன்னு வைக்கிற எடத்துல இரும்பா? சாயங்காலம் நானூறு பன்னு போடணும் சாப்."

"பாய்," என்றார் அக்கா, "நாளைக்கி என் தம்பி கடலுக்குப் போவணும். முழுசாத் திரும்பி வரணும்."

பாய் அடுப்புப் பக்கம் திரும்பினார். ஒரு தட்டைக் காலி செய்தார். அண்ணாச்சி அடுப்புக்குள் ஒரு காகிதத் துண்டைப் போட்டார். உடனே கருகியது. "சூடு அதிகம்." பாய் கதவைத் திறந்து கொஞ்சம் ஆறவிட்டார். அடுத்த காகிதம் கருகாமல் பழுப்பானது. "இதுதான். இதே சூடு, நாலு மணி நேரம்." பன்னிரண்டு மணிக்கு ஸ்பிரிங்குகள் உள்ளே போயின. பாய்க்கும் பொறுக்கவில்லை; ஓரத்தில் ஒரு தட்டுப் பன்னையும் வைத்தார். அது எரியாமல் வெந்தால் சூடு சரி என்று அவர் கணக்கு. நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அரை மணிக்கொரு தரம் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். ஒரு தரமும் எழுந்திருக்கவில்லை.

நாலு மணிக்கு எடுத்தோம். வைக்கோல் நிறத்தில், பன் வாசனையோடு எட்டு ஸ்பிரிங்குகள்!

இனி சோதனை. டில்லியின் பட்டறையில் இரண்டு கனமான தகடுகளுக்கு நடுவே எட்டையும் நிறுத்தி, நடுவில் ஒரு பெரிய போல்ட்டைப் போட்டோம். ஸ்பேனரை நான் எடுத்தேன். அக்கா என் கையிலிருந்து பிடுங்கினார். "நான் இறுக்கறேன்." விஞ்சில் இருக்கிற இறுக்கத்தைவிட அதிகமாக, கை நரம்பு புடைக்க இறுக்கினார்.

கடையில் முறிந்த ஸ்பிரிங் மூன்று மணி நேரம் தாங்கியது. இவை நாலு மணி நேரத்தைத் தாண்ட வேண்டும் என்றார் அண்ணாச்சி.

ஐந்து பேர் ஒரு இரும்பைச் சுற்றி உட்கார்ந்து, கேட்கக் கூடாத ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வெளியே காசிமேடு முழுக்கத் திருவிழா மாதிரி இரைச்சல். டில்லி கிரைண்டரைத் தொடவில்லை. யாராவது இருமினால் அக்கா முறைத்தார். சேவியர் டீ வாங்கி வந்து, கிளாஸை வைக்கிற சத்தம்கூடக் கேட்காமல் வைத்தான். இரண்டாவது மணி நேரத்தில் டிக் என்று கேட்டது. ஐந்து பேரும் துள்ளி எழுந்தோம். அண்ணாச்சி நெஞ்சில் சிலுவை போட்டார்.

டில்லி நெட்டி முறித்திருந்தான்.

"கசுமாலம்! இன்னொரு தபா நெட்டி எடுத்தே, உன் விரல நான் ஒடிப்பேன்!" அக்கா ஸ்பேனரை ஓங்கினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று மணி நேரம் தாண்டியது. நான்காவதும் தாண்டியது. அண்ணாச்சி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "மணி என்னல?"

"எட்டேகால் அண்ணாச்சி."

"அவுத்துப் பூட்டச் சொல்லு."

விடியற்காலையில் எல்லாப் படகுகளோடும் அந்தப் படகும் போனது. போகிற வரைக்கும் அக்கா என்னிடம் பேசவில்லை. அடுத்த நாட்களில் நான் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று சொன்னால் பொய். கடையில் யார் எதைக் கீழே வைத்தாலும் திரும்பிப் பார்த்தேன். படகு வருகிறது என்று டில்லி போன் செய்ததும் துறைமுகத்துக்கு ஓடினேன். அக்கா எனக்கு முன்பே நின்றிருந்தார். படகு உள்ளே திரும்பியது. சேவியர் விஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினான். அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வாங்கியதில்லை.

யார்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். லேசர் அருமையான சாமான். எனக்கு இன்னொரு தரம் கொடுங்கள். ஆனால் அதை ஸ்பிரிங்கில் காட்டுவதற்கு முன், சூடு அதன் உள்ளே என்ன செய்கிறது என்று யாரையாவது கேளுங்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். உபரியாக ஒன்று இருந்தால் அதை இறுக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

அன்று யார்டிலிருந்து திரும்பும்போது காசிமேட்டில் இறங்கினேன். சேவியருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. டீக்கடையில் நின்றிருந்தவன் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டான். கூப்பிடவில்லை. கையிலிருந்த கிளாஸைப் பலகையில் வைத்தான். இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்தான்.

நான் எண்ணிப் பார்த்துக்கொண்டேதான் கிட்டே போனேன்.